பிரான்சிஸ்கோவை நீக்காதே

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அப்பாவின் காரியங்கள் முடிந்ததும் எழுதலாம் என்றிருந்தேன். பிறகு கை ஓடவில்லை. பொறுத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். அம்மா உன்னை விசாரித்தார்.

மாணவர்களை வைத்து ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தை மேடையேற்றும்போது, காவலர்கள் வரும் முதல் காட்சியை நீக்கிவிட்டு அரசவையிலிருந்தே தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று காரணமும் சொல்லியிருந்தாய். முதல் அங்கத்தின் ஐந்து காட்சிகளையும் இந்த வாரம் மூன்று முறை படித்துவிட்டுச் சொல்கிறேன்: தயவுசெய்து அதைச் செய்யாதே.

"யாரங்கே?" என்ற முதல் கேள்வியைக் கேட்பது யார் என்று பார். டென்மார்க் அரசனின் எல்சினோர் கோட்டையில் நள்ளிரவில் காவல் நிற்பவன் பிரான்சிஸ்கோ. கேட்க வேண்டியவன் அவன். ஆனால் அவனுக்கு மாற்றாக வரும் பர்னார்டோ முந்திக்கொண்டு கேட்கிறான். காவலுக்கு வருகிறவனே காவலில் இருப்பவனைக் கண்டு அஞ்சும் அளவுக்கு அந்த நாடு நிலைகுலைந்திருப்பதை, ஒரு சொல்லும் விளக்காமல் ஷேக்ஸ்பியர் காட்டிவிடுகிறார். 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டன் நாடகக் கொட்டகைகளுக்கு வந்தவர்கள் பேசும் ஆவியை அறிந்தவர்கள். தாமஸ் கிட்டின் 'ஸ்பானியத் துன்பியல்' நாடகத்தில் ஆந்திரேயாவின் ஆவி, பழியே உருவெடுத்த பாத்திரத்தோடு மேடைக்கு வந்து, தன் கதையைத் தானே சொல்லித் தொடங்கும். இங்கோ போர்க்கவசம் அணிந்து ஆவியாக வரும் இறந்த அரசன், ஹாம்லெட்டின் தந்தை, மகனின் நண்பன் ஹொரேஷியோ எவ்வளவு கேட்டும் வாய் திறக்காமல், சேவல் கூவியதும் மறைந்துவிடுகிறான். நாமும் அந்தக் காவலர்களோடு குளிரில் நின்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் கண்ட பிறகுதான் இறந்தவனின் தம்பியும் புதிய அரசனுமான கிளாடியஸ் பேச வருகிறான். அண்ணனுக்கான துக்கத்தையும் அண்ணியோடு நடந்த திருமணத்தையும் ஒரே வாக்கியத்தில் இழைக்கும் அழகும், நார்வேக்குத் தூதனுப்பும் நிதானமும், அமைச்சர் பொலோனியஸின் மகன் லேயர்டீஸைப் பாரிஸுக்கு வழியனுப்பும் கனிவும் யாரையும் மயக்கக்கூடியவை. ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வின்றிக் கப்பல் தச்சர்கள் உழைப்பதையும், இறந்தவன் இரவில் நடமாடுவதையும் அறிந்தவர்களுக்கே அந்தக் குரலின் இனிமை உறுத்தும். முதல் காட்சி இல்லாவிட்டால் உன் பார்வையாளர்கள் அவனை நல்ல அரசன் என்று நம்பிவிடுவார்கள். கறுப்பு உடையில் ஒதுங்கி நிற்கும் ஹாம்லெட்டைப் பிடிவாதக்காரன் என்று நினைப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகுதான் இது எனக்குப் பிடிபட்டது. கொலை நடந்தது தெரிவதற்கு முன்பே, முதல் தனிமொழியிலேயே, ஹாம்லெட்டுக்கு உலகம் களை மண்டிய தோட்டமாகிவிடுகிறது. துயரம் முதலில் வந்துவிட்டது. பழி பின்னால்தான் வருகிறது. ஐந்தாம் காட்சியில் தன் காதில் கிளாடியஸ் நஞ்சு ஊற்றிக் கொன்றதைச் சொல்லிப் பழிவாங்கக் கேட்கும் ஆவி, விடைபெறும்போது 'என்னை நினைவில் வை' என்கிறது. மகன் சபதமாக ஏற்பதும் அந்தச் சொல்லைத்தான். கல்லூரியில் இந்த இடத்தை நாம் எவ்வளவு வேகமாகக் கடந்து போனோம்! இப்போது என்னால் கடக்க முடியவில்லை, சேது.

நேரம் போதாதென்றால் பொலோனியஸ் மகனுக்குச் சொல்லும் அறிவுரையைச் சுருக்கிக்கொள். பிரான்சிஸ்கோவை விட்டுவை. கடுங்குளிர், மனமும் நொந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவன் போகிறான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, அவனும் திரும்பி வருவதில்லை. சில வரிகள்தான். மென்மையான குரலுள்ள பையன் ஒருவனுக்கு அந்த வேடத்தைக் கொடு. ஒத்திகை எந்த வாரம் என்று எழுது, நான் வருகிறேன்.

அன்புடன்,
மாதவன்