மைக் முன்னால் வந்து உட்கார்ந்த எல்லோருக்கும் நன்றி

நேயர்களுக்கும், நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நிலையம் தேடி வந்தவர்களுக்கும் வணக்கம்.

நம்முடையது கடலோரத்துச் சின்ன சமுதாய வானொலி. 100 வாட் டிரான்ஸ்மிட்டர், மிஞ்சிப் போனால் 15 கிலோமீட்டர் எட்டும். அந்த வட்டத்துக்குள் கேள்வி கேட்கிறவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே டீக்கடைக்குத்தான் போகிறார்கள், அதனால் சொன்ன சொல்லை யாராலும் லேசில் மறக்க முடியாது.

முதல் நன்றி குழாயடிப் பெண்களுக்கு. குடம் இடிபடும் சத்தத்துக்கு நடுவே ஒரு அக்கா சொன்னார்: "தண்ணி எப்ப வரும்னு மட்டும் சொல்லிடுங்க தலைவரே, ராத்திரி முழுக்க முழிச்சிக் கெடக்க முடியல." இதை நிலையத்தில் போட்டுக் காட்டியபோது ஊராட்சித் தலைவர் ஹெட்போனைக் கழற்றாமல் இன்னொரு முறை போடச் சொன்னார். திட்டு விழும் என்று தெரிந்தே வந்தவர் அவர், தலைவரே, அந்த மனசுக்கு நன்றி. அப்புறம் டேங்க் ஆபரேட்டரையும் கூட்டிவந்தார். மும்முனை மின்சாரம் வந்தால்தான் மோட்டார் ஓடும், அது வரும் நேரம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்று ஆபரேட்டர் விளக்கிய பிறகுதான், ஊரே இத்தனை நாள் தப்பான ஆளைத் திட்டிக்கொண்டிருந்தது புரிந்தது. மின்சார அலுவலக உதவிப் பொறியாளர் இப்போது அந்த நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார், காலை நிகழ்ச்சியில் வாசிக்கிறோம். ஐயா, உங்களுக்கும் நன்றி.

சமுதாய வானொலியில் சொந்தமாகச் செய்தி, அரசியல் ஒலிபரப்ப அனுமதி இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனாலும் குடிநீர், ரேஷன், தெருவிளக்கு என்று பேச நிறைய இருக்கிறது, கட்சிப் பெயரே வராமல் அதைக் கேட்கக் கற்றுக்கொடுத்த மூத்த தன்னார்வலர்களை நினைத்துக்கொள்கிறேன்.

அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006இல் சமுதாய வானொலி நடத்தத் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி வந்தது. 2008இல் இன்றைய தெலங்கானாவின் மாச்சனூரில் தலித் பெண்கள் 'சங்கம் ரேடியோ' என்ற சமுதாய வானொலியைத் தொடங்கி நடத்திக் காட்டினார்கள். அவர்கள் போட்ட பாதையில்தான் நாங்களும் நடக்கிறோம், அந்த அம்மாக்களுக்கு எங்கள் கும்பிடு.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு இன்னும் வராத அதிகாரிகளும் உண்டு. அவர்களுக்கான கேள்விகளை அழிக்கவில்லை, எப்போது வந்தாலும் மரியாதையோடு உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவோம்.

நவம்பர் 1 கிராம சபைக்கு ரெக்கார்டரோடு வருகிறோம். கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சமாக இருந்தால் முந்தின நாளே நிலையத்துக்கு வந்து கேள்வியைப் பதிவு செய்துவிடுங்கள், சாயங்காலம் 7 மணி வரை ஆள் இருப்போம்.