இதயம் நின்ற நோயாளிக்கு எப்படி மூச்சுக் கொடுக்கிறோம்? கிழக்கின் மருத்துவ ஆய்வாளருக்கு ஒரு திறந்த மடல்

கிழக்குப் பல்கலைக்கழக சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தினருக்கும், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வைத்தியசாலைப் பணிப்பாளர்களுக்கும், ஆய்வு நெறிமுறைக் குழுக்களில் இருப்போருக்கும் வணக்கம்.

நான் அரச வைத்தியசாலை விடுதிகளில் தாதியாக நின்று இளைப்பாறியவள். கேட்க வந்தது ஒன்றுதான். விடுதியில் படுத்திருக்கும் நோயாளியின் இதயம் திடீரென நின்றுபோனால் எந்த வழியில் மூச்சுக் கொடுக்கிறோம், அதனால் என்ன ஆகிறது என்பதை நம்முடைய விடுதிகளிலேயே ஆராயுங்கள்.

இரவில் ஒருவர் ‘அரெஸ்ட்’ ஆனால், அதாவது இதயம் நின்றுபோனால், நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒருவர் நெஞ்சை அழுத்துவார், ஒருவர் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் அம்பு பேக்கைத் தூக்குவார், சிற்றூழியர் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவருவார். கட்டிலின் தலைமாடு சுவரோடு ஒட்டியிருக்கும். அதை இழுத்தால்தான் வைத்தியர் அங்கே நிற்கலாம். தொண்டைக்குள் பார்க்கும் விளக்குக் கருவியான லரிங்கோஸ்கோப்பை விரித்தால் பல்ப் மினுங்கி மினுங்கி எரியும். ஓடிவருபவர் பயிற்சி வைத்தியராக இருப்பார். மயக்கமருந்துப் பிரிவினர் சத்திரசிகிச்சைக் கூடத்தில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். மூச்சுக்குழாய்க்குள் செருகும் டியூப் உள்ளே போகும்வரை நெஞ்சை அழுத்தும் கை நிற்கும். அந்த நிறுத்தம் 5 விநாடியைத் தாண்டக்கூடாது என்கிறது ஐரோப்பிய வழிகாட்டல். அந்த நேரத்தில் அதை யார் எண்ணுகிறார்?

டியூப்புக்குப் பதிலாக ஐ-ஜெல் என்ற மூச்சுக் கருவி இருக்கிறது. குரல்நாணைத் தேடிப் பார்க்கத் தேவையில்லை. வாய்வழியே தள்ளிவிட்டால் குரல்வளையின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். 3ஆம் இலக்கம் மஞ்சள், 4 பச்சை, 5 செம்மஞ்சள் என்று நிறத்தைப் பார்த்தே எடுக்கலாம். பழக்கிவிட்டால் தாதியரும் போடுவார்கள். ஆனால் வாந்தியும் சளியும் நுரையீரலுக்குள் இறங்காமல் டியூப் தடுக்கும் அளவுக்கு அது தடுக்காது. இரண்டும் இல்லாமல் முகமூடியும் அம்பு பேக்கும் போதும் என்போரும் உண்டு.

இவற்றில் எது நல்லது? 2018இல் வெளியான இங்கிலாந்தின் ‘ஏர்வேஸ்-2’ ஆய்வில் 9,000க்கு மேற்பட்ட நோயாளர் இருந்தார்கள். மூளை நல்ல நிலையில் தப்பியவர்கள் ஐ-ஜெல் பக்கம் 6.4 வீதம், டியூப் பக்கம் 6.8 வீதம். அதாவது வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் வீட்டிலும் தெருவிலும் விழுந்தவர்கள். வைத்தியசாலைக்குள் நடப்பதற்கு அமெரிக்கப் பதிவேட்டிலிருந்து 2017இல் ஒரு கணக்கு வந்தது: 668 வைத்தியசாலைகள், 108,079 நோயாளர். முதல் 15 நிமிடத்தில் டியூப் போட்டவர்களில் 16.3 வீதமும், அதே நிமிடத்தில் டியூப் போடாமல் அவர்களோடு ஒப்பிடப்பட்டவர்களில் 19.4 வீதமும் உயிரோடு வீடு போனார்கள்.

இதைப் பார்த்துவிட்டு டியூப்தான் ஆளைக் கொல்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டு நிமிடத்தில் துடிப்பு மீண்டவருக்கு டியூப்பே தேவைப்படாது, இழுபடுகிறவருக்குத்தான் போடுவோம். இழுபடுகிறவர் இறப்பதும் அதிகம்தானே. ஆய்வாளர்கள் நிமிடத்துக்கு நிமிடம் ஒப்பிட்டு இதைச் சரிக்கட்டப் பார்த்தார்கள். ஆனாலும் முழுதாகச் சரியாகாது. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கியதுபோல் தீர்மானித்தால்தான் விடை தெளியும். அதற்காகத்தான் பிரித்தானியாவில் வைத்தியசாலை நோயாளரை வைத்தே ‘ஏர்வேஸ்-3’ தொடங்கப்பட்டது.

அவர்கள் விடை சொன்னால் நாம் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பாதிக்குச் சரி. அங்கே அழைத்தவுடன் வருவது பழகிய ஒரு குழு. இங்கே வருவது யாரென்று கடமைப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். நோயாளரும் வேறு. வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வருபவரின் வாயில் எச்சில் நுரைத்து வழியும். உறிஞ்ச உறிஞ்ச ஊறும். அப்படிப்பட்டவருக்கு ஐ-ஜெல் போதுமா என்ற கேள்வி லண்டனில் இருப்பவருக்கு அவசரமில்லை. அம்பாறையில் இருப்பவருக்கு அவசரம்.

நெறிமுறைக் குழுவினரிடம் தனியாக ஒரு வார்த்தை. நினைவில்லாத ஆளிடம் கையொப்பம் வாங்க முடியாது. வெளியே அழுதுகொண்டு நிற்கும் மகளிடம் அந்த நிமிடத்தில் படிவத்தை நீட்டுவதும் மனிதத்தனமல்ல. அதனாலேயே இப்படிப்பட்ட ஆய்வு வேண்டாம் என்று மூடிவிடாதீர்கள். நிலைமையே சம்மதம் கேட்க விடாதபோது, குழுவின் அனுமதியோடு தொடங்கி, ஆய்வில் நீடிக்கும் சம்மதத்தை முடிந்தளவு சீக்கிரம் பெற, மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கிப் பிரகடனம் இடம் தருகிறது. “எங்கட ஆக்களை வைச்சுப் பரிசோதனை செய்யிறாங்களோ?” என்று சனம் கேட்கும், கேட்கத்தான் வேண்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலய நிருவாகங்களோடும் மாதர் சங்கங்களோடும் முன்கூட்டியே இருந்து பேசுங்கள். யாருக்கு என்ன போடுவது என்பதை இன்றைக்கும் லாச்சியில் இருக்கும் சாமானும் கடமையில் இருக்கும் ஆளும்தான் தீர்மானிக்கின்றன என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இறந்தவரின் குடும்பத்துக்கு யார், எப்போது சொல்வது என்பதையும் முதலே எழுதிவையுங்கள். இறந்தவருக்கான எட்டுச் செலவுச் சடங்குக்கு முதல் நாள் தொலைபேசியில் சொல்வதாக இருக்கக்கூடாது.

பெரிய ஆய்வுக்குப் பணம் இல்லையென்றால் பதிவிலிருந்து தொடங்குங்கள். நோயாளியின் விபரம் எழுதும் கட்டில்சீட்டுகளில் நான் பார்த்தவரை ‘சீபீஆர் (நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுத்தல்) செய்யப்பட்டது, பலனில்லை’ என்பதற்கு மேல் அதிகம் இருந்ததில்லை. முதலில் என்ன போட்டது, யார் போட்டது, எத்தனையாவது முயற்சியில் சரிவந்தது, அழுத்தம் எவ்வளவு நேரம் நின்றது, ஆள் வீடு போனாரா: இவ்வளவும் வேண்டும். கல்முனை, களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்று, வாழைச்சேனை எல்லாம் ஒரே படிவத்தில் எழுதினால்தான் எண்ணிக்கை சேரும்.

படிவத்தின் முதல் வரைவை இரவுக் கடமைத் தாதியர் இரண்டு பேரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டினால் நிரப்ப மாட்டார்கள். நானும் நிரப்பியிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
இளைப்பாறிய தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு