தொட்டிக்கு ஏற்ற கடல்மீன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறிய கடல்நீர்த் தொட்டி வைப்போர் பலர் ஆசைப்படுவது நீல டேங் மீனுக்குத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் குஞ்சு வளர்ந்தால் ஏறக்குறைய ஒரு அடி நீளம் வரும். 100 லிட்டர் தொட்டியில் அதை அடைப்பது கொடுமை.

அந்த அளவுத் தொட்டிக்கு ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு சிறிய கோபி மீன், ஒரு ஃபயர்ஃபிஷ் போதும். கோமாளியில் ஒன்றைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் எடுங்கள். பெரியது பெண்ணாக மாறும், சண்டை குறையும். ஃபயர்ஃபிஷ் மிரண்டால் துள்ளி வெளியே விழும், வலைமூடி கட்டாயம். மலிவென்று டாம்செல் மீனை முதலில் விட்டால், தொட்டியையே தனதாக்கிக்கொண்டு, பின்னால் வரும் மீன்களின் துடுப்பைக் கிழித்துவிடும். மாண்டரின் மீன் வேண்டவே வேண்டாம். பாறையில் ஊரும் கோப்பிபாடு என்னும் நுண்ணிய உயிரிகளை நாள் முழுக்கக் கொத்தித் தின்னும். அவை தீர்ந்ததும் வயிறு ஒட்டிச் சாகும்.

புதுத் தொட்டி நீரில் உருவாகும் அம்மோனியா, நைட்ரைட் என்னும் நச்சுகள் இரண்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம், மீன் விடக்கூடாது. பிறகும் இரண்டு வார இடைவெளியில் ஒவ்வொன்றாக விடுங்கள். வாங்குமுன் கடைக்காரரை இரை போடச் சொல்லிப் பாருங்கள். தின்னாத மீனையும், செவுள் வேகமாக அடித்துக்கொள்ளும் மீனையும் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்