உறுதி இன்னும் இஞ்சதான் இருக்கு

உரும்பிராய்

அன்பு மகளுக்கு,

நான் சுகம். நீ, மருமகன், பேத்தி எல்லாரும் சுகமாய் இருக்க நல்லூரானை வேண்டுறன். போனில எடுத்தால் "அம்மா, வேலையா நிக்கிறன், பேந்து எடுக்கிறன்" எண்டு வைச்சிடுறாய். பேந்து எடுக்கிறதும் இல்லை. அதாலதான் எழுதுறன். ஆறுதலாய் இருந்து வாசி.

காணி உறுதியைக் கூரியரில போட்டுவிடச் சொல்லிக் கேட்டனி. வங்கியில மூல உறுதியும் பாக்க வேணுமாம் எண்டனி. நான் இன்னும் அனுப்பேல்லை. மறக்கேல்லை, பிள்ளை. அலுமாரியைத் திறந்து எடுத்துப் பாத்துப்போட்டுத் திருப்பி வைச்சிட்டன். அம்மம்மாவின்ர உறுதியில கடைசிப் பக்கத்தில மண்ணிறமாய் ஒரு கறை இருக்கெல்லோ, 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தால போகேக்க பட்ட ஈரம் அது. நொத்தாரிசின்ர கையெழுத்து வரைக்கும் மை ஊறிக் கிடக்கு. எண்டாலும் நாலு பக்க எல்லையும் வடிவாய் வாசிக்கலாம். உன்னை அப்பா தோளில வைச்சிருந்தவர். என்ர கையில அந்தப் பை மட்டும்தான். உள்ளுக்கு உறுதியும் என்ர தாலிக்கொடியும். வேற ஒண்டும் எடுக்கேல்லை.

உனக்குச் சீதனமாய் எழுதினது இரண்டரைப் பரப்பு. அங்கத்தைக் கணக்கில 25 பேர்ச். எங்கட யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி அது உன்ர சொத்து, எண்டாலும் விக்கிறதுக்கோ ஈடு வைக்கிறதுக்கோ மருமகனும் சம்மதிக்க வேணும். அதால அவருக்குத் தெரியாமல் நீ கேட்டிருக்க மாட்டாய். ரெண்டு பேரும் யோசிச்சுத்தான் கேட்டிருப்பியள். என்ன யோசிச்சனீங்கள் எண்டதைத்தான் எனக்குச் சொல்லேல்லை.

இஞ்ச புதினம் பெரிசா இல்லை. கிணத்து மோட்டர் திருத்தியாச்சு. வாழை ரெண்டு குலை தள்ளியிருக்கு. பேத்திக்குப் புழுக்கொடியல் காயப்போட்டு வைச்சிருக்கிறன்.

பொங்கலுக்கு வந்தபோது, வீட்டுக்கெண்டு தனியா ஒரு கணக்குத் திறந்து மாதாமாதம் போடுறம், பேந்து நிரந்தர வைப்பாய் மாத்துறம் எண்டு சொன்னனி. எனக்கு எவ்வளவு புளுகம் தெரியுமே? சின்னம்மாவுக்கும் சொன்னன், மாமிக்கும் சொன்னன். 2022இல மா, சீனி, காஸ் ஒண்டும் இல்லாமல் நாடே கிடந்த நேரம், ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது எண்டு அரசாங்கமே அறிவிச்ச நேரம், நீ வெள்ளவத்தையில வாடகை ஒரு மாதமும் பிந்தாமல் குடுத்தனி. அந்தப் பிள்ளைக்கு வீடு கட்டத் தெரியாதே?

ஆனால் கணக்கு எண்டு வந்தால் நான் சும்மா இருக்க மாட்டன். சிக்கன கடனுதவுச் சங்கத்தில இருந்து எழுதின கை இது. வைப்புக்கு வங்கி தாற வட்டியும் கடனுக்கு எடுக்கிற வட்டியும் ஒருநாளும் ஒண்டில்லை. கடனுக்குத்தான் எப்பவும் கூட. போதாததுக்கு 2025 ஏப்ரலில இருந்து வைப்பு வட்டியில 10 வீதம் வரியாய்க் கழிக்கினம். ஒரு பக்கம் வீட்டுக் கணக்கில காசு போட்டுக்கொண்டு மறு பக்கம் கிரெடிட் கார்ட்டுக்கு ஆகக் குறைஞ்ச தொகையை மட்டும் கட்டிக்கொண்டு இருந்தால், அது சேமிப்பே இல்லை. 2022இல கார்ட் வட்டி 30 வீதத்தையும் தாண்டிப் போனது. அந்த நேரம் ஏறினது உங்களுக்கு இறங்கிட்டுதோ, முழுக்கக் கட்டி முடிச்சியளோ, அதுகும் எனக்குத் தெரியாது.

மருமகன் கார் எடுத்த லீசிங் துண்டை நீ எனக்குக் காட்டினனி. 12 வீதம்தான் அம்மா எண்டாய். நான் அண்டைக்குச் சபையில ஒண்டும் சொல்லேல்லை. இப்ப சொல்லுறன். அது ஒரே தொகைக்குப் போடுற வட்டி. 1 லட்சம் எடுத்து ஒரு வருஷத்தில கட்டுறதெண்டு வை. 12 ஆயிரம் வட்டியைச் சேர்த்து 12ஆல் பிரிச்சால் மாதம் 9,333 ரூபா. கடைசி மாதம் உன்ர கையில அந்தக் கடன்ர மிச்சம் 9 ஆயிரம்தான், ஆனால் வட்டி முழு 1 லட்சத்துக்கும்தான் ஓடுது. குறைஞ்சு போற மிச்சத்துக்குக் கணக்குப் பாத்தால் அந்த 12 வீதம் 21 வீதத்தைத் தாண்டும். சங்கத்துக்கு வாற சனத்துக்கு நான் இதைத்தான் சொல்லிச் சொல்லி அனுப்பினனான். என்ர பிள்ளைக்குச் சொல்லாமல் விடுறதோ?

முதல்ல கடனை அடை, மகள். வட்டி கூடினதை முதல்ல அடை. வீடு எங்கையும் ஓடிப்போகாது, காணி இஞ்சதான் கிடக்கு. மருமகனுக்கு ஊழியர் சேமலாப நிதியில மாதம் சம்பளத்தில அவற்ர 8 வீதமும் கொம்பனியின்ர 12 வீதமும் விழுகுது. 10 வருஷத்துக்கு மேல வேலை செய்தவை வீட்டுத் தேவைக்கெண்டு அதில 30 வீதம் எடுக்கலாம். அத்திவாரம் வெட்டுற நாளைக்கு அது உதவும், அதுவரைக்கும் அதை நினைக்கவே வேண்டாம். முதல்ல கடன். காணியை ஈடு வைச்சுக் கார்ட்டைக் கட்டினால், கார்ட் திரும்ப வெறுமையாய் இருக்கும், கை திரும்ப அதுக்குப் போகும், காணியும் ஈட்டில நிக்கும். அப்பா ஆருக்குப் பிணை நிண்டு எதை இழந்தவர் எண்டு உனக்குத் தெரியும். அந்த வடக்குப் பக்கத்து வேலியைப் பாக்கிற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு பத்தும். அதுதான் உறுதியைத் திருப்பி வைச்சனான்.

இப்ப கேக்காமல் விட்டதைக் கேக்கிறன்.

தேருக்கு வந்தபோது உன்ர கழுத்தில ஒரு மெல்லிய சங்கிலிதான் கிடந்தது. கூட்டத்துக்குள்ள அறுத்துப்போடுவாங்கள், கழட்டி வைச்சிட்டு வந்தனான் எண்டனி. சரி, ஒலிபெருக்கியிலயும் நகை கவனம் எண்டுதான் சொல்லிக்கொண்டு இருந்தவை. பேந்து சின்னம்மா வீட்டுக் கலியாணம். அங்க ஆர் கள்ளன்? நீ சீலைத் தலைப்பை இழுத்து இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு நிண்டனி. படம் எடுக்கக் கூப்பிட்டால் பிள்ளைக்குப் பால் குடுக்கப் போறன் எண்டு உள்ளுக்குப் போட்டாய். பேத்தி பால்குடி மறந்து எவ்வளவு காலம்? சின்னம்மா என்ர முகத்தைப் பாத்தவ. நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டன்.

கொடியை அடைவு வைக்கிறது வெக்கமில்லை. இந்த ஊரில வெங்காயம் நடுறதுக்கு வைச்சுப்போட்டுக் கிண்டி வித்தவுடன மீட்டெடுக்காத வீடு இல்லை. என்ர கொடியும் எத்தினையோ போகம் போய் வந்தது. நீ படிச்சதே அப்பிடித்தான். ஆனால் அதுக்கு ஒரு தவணை இருந்தது, அறுவடை வரும், கொடி வரும். சம்பளக்காரருக்கு அறுவடை எண்டு ஒண்டு இல்லை. வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு வைச்சால் அது வருஷக்கணக்கில அங்கயே கிடக்கும். இன்னொண்டும் இருக்கு. 2022 தொடக்கத்தில 1 லட்சத்துச் சொச்சமாய் இருந்த பவுண் இப்ப 3 லட்சத்தைத் தாண்டிட்டுது. விலை ஏறினதால அதே கொடிக்கு வங்கி இன்னும் கூடத் தாறன் எண்டுதான் சொல்லும். வாங்கினவுடன கடன் ஏறிடும், மீட்கிற நாள் இன்னும் தூரத்துக்குப் போடும். நீ வாங்கிட்டியோ?

எப்ப வைச்சனி எண்டு யோசிச்சுப் பாத்தன். போன வருஷப் பொங்கலுக்குக் கொடி கழுத்தில இருந்தது, பேத்தி பிடிச்சு இழுத்துக்கொண்டு இருந்தவள். பங்குனியில எனக்குக் கண் ஒப்பரேசன் செய்தது. பெரியாஸ்பத்திரியில காசில்லாமல் செய்யலாம், கொஞ்சம் பொறுப்பம் எண்டு சொன்னன். அம்மா தடக்கி விழுந்தால் ஆர் பாக்கிறது எண்டு நீதான் தனியாரில முழுக்காசும் கட்டினனி. எங்கால எண்டு கேட்டதுக்கு, போனஸ் வந்தது எண்டாய். சித்திரைக்கு வந்த நேரமும் மெல்லிய சங்கிலிதான். பிள்ளை, என்ர கண்ணுக்கோ உன்ர கொடியை வைச்சனி? இந்தக் கண்ணாலதான் இந்தக் கடிதத்தைக் கண்ணாடி இல்லாமல் எழுதுறன். ரெண்டு இரவாய் எனக்கு நித்திரை இல்லை. நீ ஓமெண்டாலும் சொல்லு, இல்லையெண்டாலும் சொல்லு. என்ர பிள்ளை எனக்காகத் தாலியைக் கழட்டிக் குடுத்தவள் எண்டால் அதை நான் பெருமையெண்டும் சொல்லுவன், ஏன் என்னைக் கேக்காமல் செய்தனி எண்டும் பேசுவன்.

என்ர பெயரில இருக்கிற நிரந்தர வைப்பு கார்த்திகையில முடியுது. செத்தவீட்டுச் செலவுக்கெண்டு ஒதுக்கி வைச்சது எண்டு உனக்குத் தெரியும், அதைத் தொடாதேங்கோ எண்டு நீ சண்டை பிடிக்கப் போறாய். அந்தக் காசு அங்க குறைஞ்ச வட்டிக்குக் கிடக்க, உன்ர கொடி கூடின வட்டிக்கு இன்னொரு பெட்டகத்தில கிடக்கிறது எந்தக் கணக்கில சரி? மீட்டெடுப்பம். பேந்து நீ அடைவுக்குக் கட்டின வட்டிக் காசை மாதாமாதம் எனக்குத் தா, திரும்ப என்ர வைப்பில போடுறன். கடன்தான், இனாம் இல்லை. கொப்பியில எழுதித்தான் வைப்பன். மருமகனுக்கும் இதை அப்பிடியே வாசிச்சுக் காட்டு. அவர் குறை நினைக்கிற மனிசன் இல்லை, எனக்குத் தெரியும். அவருக்கு மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை.

உறுதியை வீடு கட்டுற கடனுக்கெண்டு கேட்டால், நானே கொண்டு வந்து உங்கட கையில தருவன். கார்ட்டுக்கும் லீசிங்குக்கும் அது வெளிக்கிடாது.

நீண்ட லீவு வாற கிழமை இரவு பஸ்ஸில மூண்டு பேரும் வாங்கோ. வரேக்க அடைவுத் துண்டு, கார்ட் கணக்கு, லீசிங் புத்தகம் மூண்டையும் கொண்டு வா. அதுக்கு முதல் ஒண்டு மட்டும் போனில சொல்லு: கொடியை உன்ர பெயரில வைச்சதோ, மருமகன்ர பெயரிலயோ? ஆற்ர பெயரில துண்டு இருக்கோ அந்த ஆள்தான் அடையாள அட்டையோட போக வேணும். கொழும்புக் கிளையில வைச்சதெண்டால் நான்தான் காசோட அங்க வர வேணும், அதுக்கு ஆசனம் பதியச் சொல்ல வேணும்.

அம்மா