24,000-ஆ, 87,000-ஆ?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பெரிய தாத்தாவின் பட்டாளத்து வாழ்க்கையை எழுத உட்கார்ந்துவிட்டாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்தியர் 24,000 என்கிறது ஒரு புத்தகம், 87,000 என்கிறது இன்னொன்று, எதை நம்புவது என்று கேட்டிருந்தாய். இரண்டையும் நம்பலாம். எண்ணப்பட்ட ஆட்கள்தான் வேறு.

24,000 சொச்சம் என்பது தரைப்படையில் 'கொல்லப்பட்டோர்' மட்டும். காணாமல் போனோர் சுமார் 12,000, காயமடைந்தோர் 64,000, சிறைப்பட்டோர் 79,000 என்று பக்கத்திலேயே தனித்தனியாக வரும். 87,000 என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கணக்கு. போரில் இறந்த படையினரின் கல்லறைகளையும் பெயர்ப் பட்டியலையும் பராமரிக்கும் அமைப்பு அது. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருக்கும்போது எப்படி இறந்திருந்தாலும் அதில் சேரும்: குண்டு, மலேரியா, லாரி விபத்து, சிறைமுகாம் எல்லாம். பிரிவினைக்கு முந்தைய இந்தியா என்பதால் இன்றைய பாகிஸ்தான், வங்கதேசத்து ஆட்களும் உண்டு. ஆகவே எண்ணை எழுதும்போது தேதி வரம்பையும் சேர்த்தே எழுது.

முதல் போரில் இன்னொரு சிக்கல். இந்தியாவில் படைக்குச் சேர்த்த சுமார் 14 லட்சம் பேரில் 5.6 லட்சம் பேர் துப்பாக்கி பிடிக்காதவர்கள்: சமையல், கோவேறு கழுதை, தண்ணீர், துப்புரவு, தொழிலாளர் படை. சிப்பாய்களை மட்டும் எண்ணும் புத்தகத்தில் இவர்கள் காணாமல் போய்விடுவார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் பல இந்தியச் சிப்பாய்களுக்கே கல்லில் பெயர் இல்லை, வெறும் எண்ணிக்கைதான் பொறித்தார்கள். ஆப்பிரிக்கச் சுமைக்காரர்கள் நிலை இன்னும் மோசம். குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பெயரில்லாமலோ அடியோடு நினைவுச்சின்னமே இல்லாமலோ விடப்பட்டதை 2021-இல் ஆணையமே ஒப்புக்கொண்டது. நூறு வருஷம் ஆகியிருக்கிறது பார், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இனி உன் தேடல். ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரை மட்டும் நம்பாதே. முத்துசாமி என்பதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயர் பெயரோடு ஒட்டியிராமல் 'கூடுதல் தகவல்' பகுதியில் ஊரோடும் மாவட்டத்தோடும் கிடக்கும். மாவட்டமும் வட ஆற்காடு, ராம்நாடு, டிரிச்சினோபொலி என்று அந்தக் காலத்துப் பெயரில்தான். அதனால் முதலில் படைப்பிரிவைப் போடு (மெட்ராஸ் சாப்பர்ஸ், பயனியர் கோர், ஆர்மி சர்வீஸ் கோர்), பிறகு வருஷம், கடைசியாகப் பெயரின் முதல் மூன்று எழுத்து. கல்லறை கிடைக்காதவர், பர்மாவில் இறந்திருந்தால் ரங்கூன் நினைவுச்சின்னத்திலும் மலாயாவில் என்றால் சிங்கப்பூரிலும் வருவார்.

போரில் பிழைத்து ஊர் திரும்பி, வயதாகி இறந்தவர் இந்தப் பட்டியலில் வரவே மாட்டார். அவருக்குப் படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம்தான் ஆதாரம். அதுவும் இல்லையென்றால் பெட்டியில் பதக்கம் தேடு. இந்தியப் படைக்குக் கொடுத்ததில் எண், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கும். வட்டப் பதக்கமானால் விளிம்பில், நட்சத்திரமானால் பின்பக்கம். பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதே, எழுத்து அழிந்துபோகும். சாய்த்து வெளிச்சம் அடித்துப் படமெடுத்து அனுப்பு, எந்தப் பிரிவு என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்