சுண்ணாம்பு கூடினால் கசடு இளகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் அறிவியல் பக்கத்தில் இரும்புத் தாதை உருக்கும் ஊதுலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சுண்ணாம்புக்கல் எவ்வளவு சேர்க்கிறோமோ அவ்வளவுக்குக் கசடு (தாதிலிருந்து இரும்பு பிரிந்தபின் மிஞ்சும் உருகிய கற்குழம்பு) இளகும் என்று அதில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஊதுலையின் வாயருகே இருபத்தாறு ஆண்டுகள் நின்றவன் நான். அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

ஆய்வகத் தாள் வருவதற்கு முன்பே நாங்கள் கசட்டின் குணத்தைப் பார்த்துவிடுவோம். நீண்ட இரும்புக் கம்பியைக் கசடு வழிந்தோடும் ஓடையில் தோய்த்துத் தூக்கினால் போதும். நூல்நூலாக இழுபட்டால் சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) மிகுதி. இழைபடாமல் சொட்டுச் சொட்டாக அறுந்து விழுந்தால் சுண்ணாம்பு மிகுதி. ஆறியபின் உடைத்தால் முன்னது கருங்கண்ணாடியாகப் பளபளக்கும், பின்னது மங்கிய கல்லாக இருக்கும்.

உருகிய பிறகும் சிலிக்கா ஒன்றோடொன்று கைகோத்த வலையாகவே கிடக்கிறது. இழுவைக்கு அதுவே காரணம். சுண்ணாம்பு அந்தப் பிடியை அறுத்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் சிலிக்காவைப் போல் 1 முதல் 1.2 மடங்கு வரைதான் பொதுவாகச் சுண்ணாம்பு இருக்கலாம். அதற்கு மேல் அள்ளிப் போட்டால் கசட்டின் உருகுநிலை ஏறிவிடும். அதே 1,500 டிகிரி சூட்டில் திண்மத் துகள்கள் பிரிந்து, நீர்போல் ஓடியது சேறாகிவிடும். தாதோடு வரும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) கூடினாலும் இதே தொல்லை. அதற்கு டோலமைட் என்ற கல்லைச் சேர்த்து, அதிலுள்ள மக்னீசியாவை (மக்னீசிய ஆக்சைடு) சற்று உயர்த்துவார்கள்.

ஒருமுறை அலுமினா மிகுந்த தாது வந்தது. சேர்மானத்தை யாரும் மாற்றவில்லை. இரவு ஷிப்டில், உலையின் அடியில் இரும்பும் கசடும் வடியும் துளையைத் திறந்தோம். இரும்பு ஒழுங்காக வந்தது. பின்னால் வந்த கசடு ஓடையில் பாதி தூரம் நகர்ந்து, தோல் கட்டி நின்றுவிட்டது. நாலு பேர் கம்பியால் குத்திக் குத்தித் தள்ளினோம். கையுறைக்குள் கை வெந்தது. உள்ளே தங்கிய கசடு, உலைக்குள் சூடான காற்றைச் செலுத்தும் ஊதுகுழல் மட்டத்தை நெருங்க, காற்றழுத்தம் ஏறியது. மேலே சரக்கு (தாதும் கல்கரியும்) இறங்காமல் தொங்கி நின்று, பிறகு தடாலென்று சரிந்தது. விடியற்காலையில் எடுத்த இரும்பில் கந்தகம் கூடியிருந்தது. கூடாமல் என்ன செய்யும்? இரும்பிலிருக்கும் கந்தகம் கசட்டுக்குள் போய்ச் சேர வேண்டும். அந்தச் சேற்றில் அது எப்படி நகரும்? கெட்டியான கசட்டில் இரும்புத் துளிகளும் பிரியாமல் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் பீய்ச்சிக் கசட்டை மணலாக்கும் இடத்துக்கு அந்த இரும்பு போய்விட்டால் வெடிக்கும்.

கட்டுரையில் கழிவு என்று எழுதியிருக்கும் அந்த மணல்தான் அரைபட்டுச் சிமென்டில் சேர்கிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. படத்தில் கசட்டை இரும்புக்கு அடியில் வரைந்திருக்கிறார்கள். அது மேலேதான் மிதக்கும். திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊதுலைத் தொழிலாளி