பாஸ்டன் ஓல்ட் நார்த் தேவாலயத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வழிகாட்டிகளுக்கு,

வணக்கம். நார்த் எண்ட் பகுதியில், சேலம் தெருவில் (நம் மாம்பழ ஊர் அல்ல) நிற்கும் அந்தச் செங்கல் தேவாலயத்தில் நீங்கள் சொல்லும் கதை இரண்டு விளக்குகளோடு தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது: அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் பிரிட்டிஷ் படை தரைவழி வந்தால் ஒரு விளக்கு, ‘கடல் வழி’ வந்தால் இரண்டு என்று கோபுரத்தில் காட்டிய கதை. அதிலும் ஒரு பிழை. படை வருகிறது என்று ஊர்களை எச்சரிக்கப் போன வெள்ளித் தட்டார் பால் ரிவியர், விளக்கைப் பார்த்த பிறகுதான் குதிரை ஏறினார் என்கிறீர்கள். 1861-ல் அச்சான, அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவின் கவிதை செய்த வேலை இது. 1775 ஏப்ரல் 18 இரவு ரிவியர் பாஸ்டனுக்குள்தான் இருந்தார். படை படகில் போகிறது என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆற்றைக் கடக்குமுன் தான் பிடிபட்டால் செய்தி நின்றுவிடக்கூடாதே என்று, எதிர்க்கரை சார்ல்ஸ்டவுன்காரர்களுக்காகச் செய்த ஏற்பாடுதான் விளக்கு. ‘கடல் வழி’ என்பதும் வெறும் சார்ல்ஸ் ஆறுதான்.

நீங்கள் சொல்லாமல் விடுவது இன்னும் சுவையானது. அதே நாளில்தான் அந்த ஆலயத்தின் குருவானவர் மேதர் பைல்ஸ் பதவி விலகினார். அவர் அரசர் பக்கம். சபையாரிலும் பலர் அப்படியே. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயம் அது, அரசர்தான் அதற்குத் தலைவர். 1778 வரை கதவு பூட்டிக் கிடந்தது. அமெரிக்காவில் இந்தத் திருச்சபையின் வழிவந்த எபிஸ்கோபல் சபை முறையாக அமைந்தது 1789-ல். இந்த ஆலயத்தின் முதல் குருவானவர் திமோத்தி கட்லர் யேல் கல்லூரியின் தலைமையை இழந்து வந்தவர். அந்தக் கல்லூரிக்குப் பெயர் தந்த எலிஹு யேல் மதராஸ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர்.

உள்ளே போனதும் பெட்டி இருக்கைகளைக் காட்டுங்கள். அந்த உயரமான பலகைச் சுவர் அழகுக்காக அல்ல, குளிர்காற்றைத் தடுக்க. குடும்பத்தார் வீட்டிலிருந்து தணல் போட்ட கால்சூட்டுப் பெட்டி கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். இருக்கை விலைக்கு விற்கப்பட்டது, இடத்துக்கேற்ற விலை. வாங்க முடியாதவர்களும் கறுப்பின மக்களும் மேல்மாடத்தில் உட்கார்ந்தார்கள். ஹோண்டுராஸ் விரிகுடா வணிகர்களுக்கென்றே தனி இருக்கை உண்டு. அவர்கள் கொடுத்த சாய மரம்தான் கோபுரச் செலவுக்கு உதவியது. அந்த மரத்தை வெட்டியவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். இதைச் சொல்லாமல் கோபுரத்தைப் புகழ்வது சரியில்லை.

மணிகளுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். மொத்தம் எட்டு. இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில் ஏபல் ரட்ஹால் 1744-ல் வார்த்தவை. மிகச் சிறியது ஏறக்குறைய 280 கிலோ, பெரியது 700 கிலோ. சிறுவன் ரிவியரும் கூட்டாளிகளும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு இவற்றை அடித்தார்கள். பாட்டு வாசிக்கும் மணிகள் என்று சொல்லாதீர்கள்; வரிசையை மாற்றி மாற்றி அடிக்கும் மணிகள் இவை. ஒவ்வொரு மணியும் ஒரு பெரிய சக்கரத்தோடு பிணைக்கப்பட்டு, வாய் மேல்நோக்கி நிற்கும். கயிற்றை இழுத்தால் ஒரு முழு வட்டம் சுழன்று மீண்டும் வாய் மேலாக நிற்கும். அடுத்த இழுப்பில் எதிர்ப்பக்கமாகச் சுழலும். மணிக்கு ஓர் ஆள். அவ்வளவு எடையைச் சற்றே தாமதிக்கலாம், சற்றே முந்தவிடலாம், அவ்வளவுதான். அதனால் ஒரு சுற்றுக்கு ஒரு மணி பக்கத்து மணியோடு மட்டுமே இடம் மாறும். எட்டு மணிகளுக்கு 40,320 வரிசைகள் உண்டு. அவசரக்காரர் கயிற்றை வேகமாக இழுத்தால் மணி நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டப் பார்க்கும்; அங்கே முட்டுக்கட்டை ஒன்று தடுக்கும், அதுவும் உடைந்தால் கயிறு ஆளையே மேலே தூக்கிவிடும்.

வெள்ளைச் சுவர்களைக் காட்டி ‘தூய்மைவாதிகளின் (ஆடம்பரமில்லாத வழிபாட்டை விரும்பிய பியூரிட்டன்களின்) எளிமை’ என்றும் சொல்லிவிடாதீர்கள். அந்த வெள்ளை 1912-ல் பூசியது. அடியில் ஓவியர் ஜான் கிப்ஸ் தீட்டிய தேவதை முகங்கள் இருந்தன. அண்மையில்தான் பல அடுக்குப் பூச்சை மெல்ல மெல்லச் சுரண்டி அவற்றுள் சிலவற்றை மீட்டார்கள். மேல்மாட வளைவுகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தரைக்கு அடியில் 37 கல்லறை அறைகளில் சுமார் 1,100 பேர். அதே 1775-ல் நடந்த பங்கர் ஹில் போரில் விழுந்த பிரிட்டிஷ் மேஜர் பிட்கெய்ர்னும் அங்கேதான்.

வெளியே வந்து, ‘இதோ விளக்கு காட்டிய கோபுரம்’ என்று கை நீட்டும்போது ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: கீழேயுள்ள செங்கல் பழையது, மேலேயுள்ள மரக்கூம்பு 1804 புயலிலும் 1954 புயலிலும் விழுந்தது, இப்போது நிற்பது 1955-ல் எழுப்பியது.

இப்படிக்கு,
அக்கட்டடத்தின் வரலாற்றை வாசிக்கும் சிலர்